மனிதவளம் படிக்கும் பிள்ளைகள் முதலில் ஒரு சம்பளச் சிட்டையை விளங்கப்படுத்தட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், மாணவர் மையக் கற்பித்தல் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் இப்போது பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள், விரிவுரையாளர் பின் வாங்கில் இருந்து போன் பார்க்கிறார் என்று கோபமாக எழுதியிருந்தார். முகாமைத்துவம் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பனாக இருக்க வேண்டும். அவருடைய கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு அவர் சொன்ன மருந்து, பழையபடி நோட்ஸ் சொல்லிக் கொடுத்துப் பரீட்சை வையுங்கள் என்பது, எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாப் பாடத்தையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. மனிதவள முகாமைத்துவம் என்ற ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதைத்தான் நான் படித்தேன், அதில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

நான் ஏ9 வீதியோரம் இருக்கும் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊர் முல்லைத்தீவுப் பக்கம், வயல்காரக் குடும்பம். வருடா வருடம் முகாமைத்துவ பீடங்களில் இருந்து பயிலுனர்கள் எங்களிடம் வருவார்கள். நல்ல பிள்ளைகள். நேரத்துக்கு வருவார்கள், மரியாதையாகப் பேசுவார்கள், கணினி வேலை என்றால் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். முதல் நாளில் நான் அவர்களிடம் பாடம் எதுவும் கேட்பதில்லை. பெயரை மறைத்த ஒரு சம்பளச் சிட்டையைக் கையில் கொடுத்து, "இது உங்கள் அம்மாவின் சிட்டை என்று நினையுங்கோ. அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கோ" என்பேன்.

அந்தச் சிட்டையில் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வையுங்கள். அதில் 8 வீதம், அதாவது 2,400 ரூபாய், ஊழியர் சேமலாப நிதிக்கு என்று கழிபடும். தொழிலாளியின் கண்ணில் படுவது இந்தக் கழிவு ஒன்றுதான். தொழில்வழங்குநர் தன் பங்குக்குப் போடும் 12 வீதம், 3,600 ரூபாய், அவளுடைய கைக்கு வருகிற பணத்தில் தெரியாது. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குப் போகும் 3 வீதம், 900 ரூபாய், அதுவும் தெரியாது. மாதம் 6,900 ரூபாய் தன் பெயரில் சேர்கிறது என்பதை அறியாமலே வருடக்கணக்காக, "கொம்பனி என்ரை காசை வெட்டுது" என்று நினைத்துக்கொண்டு ஊசிக்கு முன்னால் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஓ.ரி. காசுக்கு, அதாவது மேலதிக நேர வேலைக்கான காசுக்கு, சேமலாப நிதி பிடிப்பதில்லை. அது ஏன் என்று கேட்பார்கள். சம்பளமில்லாத லீவு ஒரு நாள் எடுத்தால் ஏன் இவ்வளவு குறைந்தது என்று கேட்பார்கள். மாதம் பத்தாம் திகதி சிட்டை கொடுத்தால் பதினொராம் திகதி எங்கள் வாசலில் வரிசை நிற்கும்.

பயிலுனர் பிள்ளை என்ன செய்யும்? சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம் என்று சொல்லும். சரி. நம்பிக்கை நிதியச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கம் என்றும் சொல்லும். அதுவும் சரி. ஊக்கப்படுத்தல் கோட்பாடுகளைப் படிமுறையோடு ஒப்புவிக்கும். "அக்கா, இது ஸ்டட்யூட்டரி டிடக்ஷன்" என்று, சட்டப்படியான கழிவு என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிட்டையைத் திருப்பிக் கொடுக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து வந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணுக்கு அந்த விடையை வைத்து என்ன செய்வது? பிழை அந்தப் பிள்ளையில் இல்லை. விரிவுரை மண்டபத்தில் இதுவரை அவளிடம் யாரும் கேள்வி கேட்கும் தொழிலாளியாக வந்து நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த வாசகரின் கோபத்துக்கு வருகிறேன். மாணவர் மையம் என்று பல இடங்களில் நடப்பது எனக்கும் தெரியும். வருகிற பயிலுனர்களிடம் கதை கேட்டால் எல்லோரும் ஒரே கதைதான் சொல்கிறார்கள். தவணை தொடங்கியதும் வகுப்பை ஆறு ஆறு பேராகப் பிரிப்பது. பாடப்புத்தகத்தின் அத்தியாயங்களைக் கூறுபோடுவது. ஒரு குழுவுக்கு ஆட்சேர்ப்பு, இன்னொரு குழுவுக்குத் தெரிவு, மற்றதுக்குச் செயலாற்றுகை மதிப்பீடு. குழுவில் இரண்டு பேர் இரவிரவாக இருந்து ஸ்லைட் செய்வார்கள், ஒருவர் அச்சடிக்கக் காசு கொடுப்பார், மூன்று பேர் பிரசன்டேசன் நாளில் சேர்ட்டுக்கு அயன் பிடித்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். ஸ்லைடில் இருப்பதை வாசிப்பார்கள். கேட்கும் வகுப்பு தன்னுடைய முறைக்கு என்ன வாசிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும். கடைசியில் கைதட்டல், குழுப் படம். தங்களுக்குத் தந்த அத்தியாயத்தைத் தவிர மற்ற எதையும் ஒரு பிள்ளையும் படிக்கவில்லை. அதைத் திருத்திச் சொல்லவும் யாரும் இல்லை. இதற்கு நோட்ஸ் சொல்லிக் கொடுப்பது எவ்வளவோ மேல் என்று அந்தத் தகப்பன் சொன்னால் நான் எப்படி மறுப்பது?

ஆனால் விரிவுரையாளர் பேசாமல் இருப்பதற்குப் பெயர் மாணவர் மையக் கற்பித்தல் இல்லை. ஹாவர்ட் வணிகக் கல்லூரியில் உண்மையான நிறுவனங்களின் சிக்கல்களைக் கதையாக எழுதி வகுப்பில் வைத்து வாதாடும் முறை நூறு வருடப் பழசு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969இல் மருத்துவ மாணவர்களைச் சிறு குழுக்களாக இருத்தி, பாடத்துக்கு முன்னால் நோயாளியின் சிக்கலைக் கொடுத்துப் படிக்கவிட்டார்கள். இரண்டு இடத்திலும் மாணவர்கள்தான் அதிகம் பேசினார்கள். ஆனால் எந்தச் சிக்கலைக் கொடுப்பது, எங்கே குறுக்கிடுவது, எந்தத் தவறை வளரவிட்டுப் பிறகு பிடிப்பது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தவர் ஆசிரியர். அந்த வேலை, ஒரு மணித்தியாலம் நின்று விரிவுரை செய்வதைவிடக் கடினம்.

நம் நாட்டிலும் இது கடதாசியில் எப்போதோ வந்துவிட்டது. 2012இல் வந்த இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு திறமைப் புள்ளி (கிரெடிட்) என்றால் மாணவனுக்கு 50 மணித்தியாலக் கற்றல். மூன்று புள்ளிப் பாடம் என்றால் 150 மணித்தியாலம். அதில் விரிவுரை மண்டபத்தில் இருப்பது ஏறத்தாழ 45. மிச்சம் நூற்றுச் சொச்ச மணித்தியாலமும் பிள்ளை தானாகப் படிப்பதற்கு, தேடுவதற்கு, செய்வதற்கு என்றுதான் கணக்கு. விரிவுரையாளர்களை நான் கேட்பது இதைத்தான்: அந்த நூறு மணித்தியாலம் எங்கே போகிறது? பரீட்சைக்கு முதல் கிழமை பழைய வினாத்தாள்களைப் பார்ப்பதில் எவ்வளவு, இணையத்தில் இருந்து அசைன்மென்ட் வெட்டி ஒட்டுவதில் எவ்வளவு? வன்னியில் அந்த மணித்தியாலங்களைச் செலவழிக்க இடமா இல்லை?

ஒரு விரிவுரையாளர் இருக்கிறார், இளம் ஆள். எங்களிடம் வந்த ஒரு பயிலுனர் மூலம் தொடர்பு வந்தது. தன் வகுப்புக்கு ஒரு தடவை வந்து விரிவுரை செய்ய முடியுமா என்று கேட்டார். விரிவுரை வேண்டாம், எங்கள் இடத்துச் சிக்கல் ஒன்றைக் கொண்டுவருகிறேன், நீங்கள் நடத்துங்கள் என்றேன். நான் கொண்டுபோனது வேலைக்கு வராமை.

புத்தகத்தில் வராமைக்குச் சூத்திரம் இருக்கிறது. இழந்த ஆள்நாட்களை மொத்த ஆள்நாட்களால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். அதைக் குறைப்பதற்கு வழி, ஒழுங்காக வருபவர்களுக்கு வரவுக் கொடுப்பனவு வைப்பது. எங்களிடமும் வரவுக் கொடுப்பனவு இருக்கிறது. ஆனால் மாசி பங்குனியில் காலபோக நெல் அறுவடை தொடங்கினால் தையல் லயின்களில் கதிரைகள் வெறுமையாகிவிடும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் திங்கட்கிழமையும் அதற்கு அடுத்த நாளும் சொல்லவே வேண்டாம். ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கு மன்னார் வீதிப் பக்கத்து பஸ் பாதி ஆட்களோடு வரும். மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் இதெல்லாம் ஒரு வீதமாகத்தான் நிற்கும். கொழும்பில் இருந்து, "வன்னித் தொழிலாளர்களுக்கு வேலை ஒழுக்கம் போதாது, பயிற்சி கொடுங்கள்" என்று பதில் வரும்.

வகுப்பில் இந்த எண்களைக் கொடுத்து, காரணம் சொல்லுங்கள் என்று விரிவுரையாளர் கேட்டார். முதல் பத்து நிமிடம் வழக்கமான விடைகள். ஊக்கம் குறைவு, தலைமைத்துவம் சரியில்லை, வேலைத் திருப்தி இல்லை. அவர் ஒன்றையும் மறுக்கவில்லை, பலகையில் எழுதிக்கொண்டே போனார். பிறகு, "இந்த வகுப்பில் யாருடைய வீட்டில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். முதலில் ஒரு கையும் எழும்பவில்லை. கம்பஸில் அதைச் சொல்லக் கூச்சம். கொஞ்சம் கொஞ்சமாக எழும்பின. நான் நினைத்ததைவிட அதிகம்.

பின்வரிசைப் பையன் ஒருவன், அதுவரை வாய் திறக்காதவன், எழும்பிச் சொன்னான்: "சேர், என்ரை அக்கா கார்மென்ட்ஸ். ஒரு நாள் லீவு எடுத்தாலே அந்த மாத அற்றெண்டன்ஸ் காசு முழுக்கப் போயிடும். அதாலை ஒரு நாள் போக வேண்டி வந்தால் அக்கா மூண்டு நாள் எடுத்து வீட்டு வேலை எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் போவா. போனது போனதுதானே."

வராமையைக் குறைக்க வைத்த கொடுப்பனவே, ஒரு நாள் லீவை மூன்று நாளாக்குகிறது. இதை எந்த ஆலோசகரும் எங்களுக்கு வந்து சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு அது தெரியும், ஆனால் அது பாடத்தோடு சம்பந்தப்பட்ட அறிவு என்று அவனுக்கு அதுவரை தெரியாது. பிறகு வகுப்பு சூடு பிடித்தது. நெல் வெட்ட இப்போது மெசின் வந்துவிட்டதே, பிறகு ஏன் ஆள் என்று ஒரு நகரத்துப் பிள்ளை கேட்டது. மெசின் வெட்டித்தான் தரும், காயப்போடுவது யார் என்று நெடுங்கேணிப் பிள்ளை பாய்ந்தது. வீதியோரம் படங்கு விரித்து நெல்லைக் கொட்டி, மணிக்கொரு தரம் காலால் துளாவி, மழை இருட்டினால் ஓடிப்போய்க் குவித்து மூடி, இரவில் மாட்டுக்கும் கள்ளனுக்கும் காவல் இருந்து... வீட்டில் இருக்கிற கைகள் எல்லாம் அந்தக் கிழமை நெல்லுக்குத்தான். மெதவாச்சிப் பக்கத்தில் இருந்து வந்து படிக்கும் ஒரு சிங்களப் பையன் சிரித்துவிட்டு, தங்கள் ஊரிலும் அறுவடைக் கிழமை இப்படித்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னான். "வன்னித் தொழிலாளர் ஒழுக்கம்" என்ற கதைக்கு அதோடு முடிவு வந்தது.

அதற்குப் பிறகுதான் விரிவுரையாளர் தன் வேலையைக் காட்டினார். எல்லோரும் கதைத்து முடிந்ததும், "நல்லது, கலைந்து போங்கள்" என்று அனுப்பவில்லை. பலகையில் இருந்த விடைகளில் எது எண்களோடு பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றாக வெட்டவைத்தார். வேலைத் திருப்திதான் காரணம் என்றால் வராமை வருடம் முழுக்கச் சமமாக அல்லவா இருக்க வேண்டும், ஏன் சில மாதங்களில் மட்டும் குத்தென எழும்புகிறது என்று கேட்டார். வரவுக் கொடுப்பனவை எப்படி மாற்றி அமைக்கலாம், அதற்கு என்ன செலவு, அறுவடைக் காலத்துக்கு முன்னரே லீவைப் பங்கிட்டுக் கொடுத்தால் உற்பத்தித் திட்டத்தில் என்ன மாறும் என்று கணக்குப் போட வைத்தார். புத்தகத்தில் இருக்கும் அந்த அத்தியாயத்தை அடுத்த கிழமை வாசித்துவிட்டு வரச் சொன்னார். வாசித்துவிட்டு வந்தார்களாம். இந்தத் தடவை தேவை இருந்தது.

நான் பார்த்த மாணவர் மையம் இதுதான். மாணவன் ஏற்கெனவே அறிந்திருப்பதை நடுவில் வைப்பது. வன்னிப் பிள்ளைகள் வேலை என்றால் என்ன என்று அறியாமல் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்கள் இல்லை. தகப்பன் மேசன் கூலி, தாய் கார்மென்ட்ஸ், மாமா கட்டாரில், லீவு நாளில் தான் பேக்கரியிலோ போன் கடையிலோ நிற்கிறான். ஆட்சேர்ப்பு, கூலி, முறைப்பாடு, பாகுபாடு எல்லாம் அவன் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக் கதை. அப்படிப்பட்டவனை இருத்தி அமெரிக்கக் கொம்பனி ஒன்றின் ஆட்சேர்ப்பு உபாயத்தை ஸ்லைடில் வாசிக்கவிட்டால், வேலையைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அவன் நம்புவான்.

இன்னொரு சிக்கலையும் சொல்கிறேன். எந்த விரிவுரையாளரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடமும் பத்து மாதமும் ஆகிறது. கல்யாணம் முற்றாகி மன்னாருக்குப் போகிறாள். இராஜினாமாக் கடிதம் கொண்டுவந்து தருகிறாள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால்தான் பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கொம்பனி தரும் தொகை. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். இரண்டு மாதம் பொறுத்தால் அவளுக்கு இரண்டரை மாதச் சம்பளம் கிடைக்கும். இன்று கடிதத்தை வாங்கினால் ஒன்றுமில்லை. அவளுக்கு இது தெரியாது. மனிதவள உத்தியோகத்தர் கடிதத்தை வாங்கி வரவு முத்திரை குத்துவாரா, "தங்கச்சி, கொஞ்சம் இரு" என்பாரா? சம்பளம் தருவது கொம்பனி. செலவைக் குறைப்பது உங்கள் வேலை என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். என்ன செய்வீர்கள்?

நான் இதைப் பயிலுனர்களிடம் கேட்டிருக்கிறேன். சட்டப்படி உரித்து இல்லை என்று டக்கென்று சொல்லும் பிள்ளை இருக்கிறது. சொல்லாமல் விட்டால் பாவம் என்று சொல்லும் பிள்ளையும் இருக்கிறது. ஒருத்தி மட்டும், "இருக்கிற சம்பளமில்லா லீவைப் போட்டு ஐந்து வருடத்தை நிரப்பலாமா என்று முதலில் பார்ப்பேன், பிறகு மேலாளரிடம் போவேன், அவளிடம் கடைசியாகத்தான் சொல்வேன், ஏனென்றால் சொல்லிவிட்டுச் செய்ய முடியாமல் போகக் கூடாது" என்றாள். அவளுடைய ஒழுங்கு சரியா என்று நாங்கள் இருவரும் ஒரு பின்னேரம் முழுக்க வாதாடினோம். இப்போதும் எனக்கு உடன்பாடில்லை, முதலில் தொழிலாளியிடம்தான் சொல்ல வேண்டும் என்பேன். ஆனால் அப்படி வாதாடக்கூடிய ஒருத்தியை வேலைக்கு எடுக்க நான் யோசிக்க மாட்டேன்.

இந்த இடத்தில் விரிவுரையை விரும்பும் அந்தத் தகப்பனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பணிக்கொடைச் சட்டத்தை ஆறு பேர் வட்டமாக இருந்து கலந்துரையாடிக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்லித்தான் தர வேண்டும், அல்லது சட்டப் புத்தகத்தைத் திறந்து வாசிக்க வேண்டும். பதினைந்து பேர் என்ற எல்லை, ஐந்து வருடம் என்ற எல்லை, எல்லாம் தெரிந்திருந்தால்தான் மேலே சொன்ன வாதத்துக்கே இடம் வரும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஒருவரை நினைத்தபடி நிறுத்த முடியாது என்பதை அறியாமல், "அவரை நிறுத்திவிட்டு வேறு ஆள் எடுப்போம்" என்று குழுவாக முடிவெடுத்து வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இந்தப் பாடத்தில் நல்ல விரிவுரைக்கு எப்போதும் வேலை இருக்கிறது. நான் கேட்பதெல்லாம், சிக்கல் முன்னாலும் விரிவுரை அதற்குப் பின்னாலும் வரட்டும் என்பதுதான்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடம் ஆங்கிலத்தில். அது இருக்கட்டும், ஆங்கிலம் வேண்டும்தான். ஆனால் ஒழுக்காற்று விசாரணை ஒன்றை எங்கள் தொழிற்சாலையில் ஆங்கிலத்தில் நடத்த முடியாது. சுப்பவைசர் தன்னை எல்லோருக்கும் முன்னால் கெட்ட வார்த்தையால் ஏசினார் என்று ஒரு பிள்ளை முறைப்பாடு தருகிறாள். ஏசவில்லை, சத்தத்தில் கத்திப் பேசினேன், அவ்வளவுதான் என்கிறார் அவர். பக்கத்து மெசின்காரி எதையும் கேட்கவில்லை என்கிறாள், ஏனென்றால் நாளைக்கும் அந்த லயினில்தான் அவள் இருக்க வேண்டும். இதை வகுப்பில் நடிக்கவிடுங்கள். விசாரணை தமிழில் நடக்கட்டும், சிங்களப் பிள்ளைகள் தங்கள் குழுவில் சிங்களத்தில் நடத்தட்டும், அறிக்கையை எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதட்டும். ஆங்கிலப் பிரசன்டேசனில் மூலையில் நிற்கும் பிள்ளைகளில் சிலர் சாட்சியைக் கேள்வி கேட்பதில் விண்ணர்கள். அந்தத் திறமைக்கு எந்த வினாத்தாளிலும் இப்போது புள்ளி இல்லை.

புள்ளி என்றதும் நினைவு வருகிறது. வகுப்பறையில் எவ்வளவுதான் மாற்றினாலும், கடைசிப் பரீட்சையில் "மனிதவளத் திட்டமிடலை வரைவிலக்கணப்படுத்துக, அதன் ஐந்து நன்மைகளை விளக்குக" என்று கேட்டால் பிள்ளைகள் அந்த ஐந்து நன்மைகளைத்தான் பாடமாக்குவார்கள். அவர்களில் குற்றம் இல்லை. வேலைக்கு அடிபடுகிற காலத்தில் வகுப்புச் சித்திதானே பெரிது. குழு வேலைக்கு ஆறு பேருக்கும் ஒரே புள்ளி போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். செயலாற்றுகை மதிப்பீடு என்று ஒரு முழு அத்தியாயம் படிப்பிக்கிற பாடத்தில், வேலை செய்தவனுக்கும் சும்மா நின்றவனுக்கும் ஒரே புள்ளி போடுவதை என்னவென்று சொல்வது? பிள்ளைகளே ஒருவரை ஒருவர் மதிப்பிட்டுக் காரணம் எழுதட்டும். நண்பனுக்குக் குறைத்துப் போட மனம் வராது, பகைவனுக்குக் கூட்டிப் போட மனம் வராது. மேலாளர்களுக்கும் அதே வருத்தம்தான். அதையே பாடமாக எடுத்துப் பேசலாமே.

வகுப்பில் நூறு பேர், ஒரு விரிவுரையாளர், எப்படி முடியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாக் கிழமையும் முடியாது. ஒரு தவணையில் மூன்று சிக்கலை ஒழுங்காகச் செய்தாலே போதும் என்பது என் அபிப்பிராயம். மிச்சத்தை விரிவுரையாக நடத்துங்கள், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சரி, பல்கலைக்கழகத்தை மட்டும் சொல்லி எங்களை விடக்கூடாது. பயிலுனர்களை எடுக்கும் இடங்களில் என்ன நடக்கிறது? ஒரு நிறுவனத்துக்குப் போன எங்கள் உறவுக்காரப் பிள்ளை பயிற்சிக் காலம் முழுக்கப் போட்டோப் பிரதி எடுத்து, பழைய கோப்புகளுக்கு இலக்கம் ஒட்டி, தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாட்குறிப்புப் புத்தகத்தில் "சேவையாளர் பதிவேடுகளை முகாமை செய்தல்" என்று எழுதினாள். மேற்பார்வையாளர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். எங்களைப் போன்றவர்கள் பயிலுனரைத் தொழிலாளிக்கு முன்னால் இருத்தப் பயப்படுகிறோம். வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவார்கள், உள்வீட்டு விசயம் வெளியே போய்விடும் என்று. பக்கத்தில் நாங்கள் இருந்தால் அந்தப் பயத்துக்கு அவசியம் இல்லை.

எங்களிடம் வந்த புதுக்குடியிருப்புப் பிள்ளை ஒன்றைச் சொல்ல வேண்டும். நீண்ட காலம் வேலை செய்த ஒரு அக்கா, வீட்டு வேலைக்காகச் சேமலாப நிதியில் 30 வீதத்தை முற்பணமாக எடுக்க விண்ணப்பிக்க வந்தார். அடையாள அட்டையில் ஒரு பெயர், நிதிப் பதிவில் வேறு எழுத்தில் அதே பெயர், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரே வேறு மாதிரி. 2009 யுத்தத்தில் எல்லாக் கடதாசியும் போய், பிறகு ஒவ்வொரு கந்தோரில் ஒவ்வொருவர் கேட்டு எழுதிய பெயர்கள். எங்கள் பக்கத்தில் இது புதினம் இல்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, பெயரைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று சொல்வதுதான் வழக்கம். இந்தப் பிள்ளை அவரை இருத்தி, முதலில் எந்தக் கடதாசி எங்கே எடுத்தது, யார் எழுதியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். பிரதேச செயலகத்தில் எதை முதலில் திருத்தினால் மற்றது தானாக வரும் என்று கண்டுபிடித்துக் கொடுத்தாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். "எங்கடை அம்மம்மாவுக்கும் இப்பிடித்தான் மிஸ், நான்தான் அலைஞ்சனான்" என்றாள்.

தொழிற்சாலை மட்டும்தான் வேலைத்தலம் என்று நினைத்தால் வன்னியில் பிள்ளைகளை அனுப்ப இடம் போதாது. அரிசி ஆலை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், எரிபொருள் நிரப்பு நிலையம், புடவைக் கடை, தனியார் கல்வி நிலையம், ஹார்ட்வெயார் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றில் மனிதவளப் பிரிவு என்று ஒன்று கிடையாது, முதலாளியின் லாச்சிதான் மனிதவளப் பிரிவு. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும் என்பது பல கடைக்காரருக்குத் தெரியாது, தெரிந்தாலும் தெரியாத மாதிரி. கடை கந்தோர் ஊழியர் சட்டம் 1954இல் இருந்து இருக்கிறது, ஆனால் எத்தனை கடையில் நியமனக் கடிதம் கொடுக்கிறார்கள்? மூன்றாம் வருடப் பிள்ளைகளை இருவர் இருவராக அனுப்பி, ஒரு கடைக்கு நியமனக் கடிதமும் லீவுப் பதிவேடும் தயாரித்துக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதலாளி ஏன் வேண்டாம் என்கிறார் என்பதையும் எழுதிக்கொண்டு வரட்டும். முதலாளி பொல்லாதவர் என்று ஒரு வரியில் முடிக்கக் கூடாது. காலபோகம் பிழைத்த வருடத்தில் கடனுக்குச் சாமான் கொடுத்துவிட்டு நிற்கும் ஒருவருக்கு 12 வீதமும் 3 வீதமும் எங்கிருந்து வரும் என்பதும் மனிதவள முகாமைத்துவம்தான்.

எங்கள் தொழிற்சாலையில் என்னால் செய்யக்கூடியதை மேலாளரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். பெயரும் இலக்கமும் நீக்கிய சம்பளச் சிட்டைகள், வராமை அட்டவணை, முறைப்பாட்டுப் பெட்டியில் விழுந்த கடிதங்களில் ஆளை அடையாளம் காட்டாதவை, இவற்றை வகுப்புக்குத் தரலாம் என்று சம்மதித்திருக்கிறார். விசாரணை நடிப்புக்கு எங்கள் சுப்பவைசர் ஒருவரே வந்து சுப்பவைசராக இருக்கத் தயார். கொஞ்சம் மிகைப்படுத்தி நடிப்பார், பொறுத்துக்கொள்ள வேண்டும். விருப்பமுள்ள விரிவுரையாளர்கள் பீடாதிபதி ஊடாக ஒரு கடிதம் எழுதினால் போதும். வருவதாக இருந்தால் மாசியில் வாருங்கள். சித்திரை லீவு முடிந்து எல்லோரும் திரும்பி வந்த பிறகு வந்தால் கதிரைகள் நிறைந்திருக்கும், பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

இப்படிக்கு,
ஆடைத் தொழிற்சாலை மனிதவள உத்தியோகத்தர் ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்.